பாட்டியின் படி எத்தனை மில்லி?

சேலம் அம்மாபேட்டையில் வாழ்ந்த பாட்டியின் சமையல் நோட்டு உங்கள் கைக்கு வந்திருக்கிறது. படி, உழக்கு, பலம், சேர், வீசை என்று அதில் அளவுகள். ஓரிடத்தில் 'காலணாவுக்குக் கொத்தமல்லி' என்றுகூட இருக்கிறது. சில பக்கங்கள் ஏற்காட்டில் இருந்த அவருடைய தங்கை எழுதியவை. இவற்றை கிராமுக்கும் மில்லிக்கும் மாற்றித் தரும் சின்ன வலைப்பக்கம் ஒன்றை நீங்களே செய்யப் பார்க்கிறீர்கள். இணையத்தில் ஆளுக்கொரு அட்டவணை. ஏஐ செயலியிடம் கேட்டால் கேட்கும்போதெல்லாம் வேறு எண். எதை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். பாட்டி சுட்ட தட்டுவடை உங்கள் அடுப்பிலும் வர வேண்டும், அதற்கு எந்த எண் எவ்வளவு துல்லியமாக வேண்டும் என்பதே உங்கள் கேள்வி என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். வெறும் அட்டவணை போதுமென்றால் இத்தனை பேரிடம் கேட்டிருக்க மாட்டீர்கள்.

நான் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் அப்பா காலத்திலிருந்து எங்களுக்குத் தராசுப் பட்டறை. லீபஜார் மண்டிகளின் தராசுக்கு முள் சரிபார்ப்பது, எடைக்கல் தேய்ந்தால் குழியில் ஈயம் ஊற்றிச் சரிக்கட்டுவது, அரசு முத்திரை போட எடுத்துப் போவது என்று முப்பது வருடத்துக்கு மேல் இதே வேலை. இப்போது எல்லாம் எலக்ட்ரானிக் தராசு, அதில் எடையை உணரும் லோடு செல் என்ற பாகத்தை மாற்றுவதுதான் பிழைப்பு. கடை சாத்தியபின் சின்னச் சின்ன வலைப்பக்கம் எழுதிப் பார்ப்பது பொழுதுபோக்கு. அதை முறையாகப் படித்தவன் இல்லை. ஆகவே அளவைப் பற்றி நான் சொல்வதைத் தைரியமாக எடுத்துக்கொள்ளுங்கள்; நிரலை (புரோகிராமை) பற்றிச் சொல்வதை விஷயம் தெரிந்த ஒருவரிடம் ஒருமுறை காட்டிக்கொள்ளுங்கள்.

நோட்டில் பாதிக் குறிப்புகளுக்கு மாற்றமே தேவைப்படாது. 'பச்சரிசி 1 படி, உளுந்து 1 ஆழாக்கு' என்று இருக்கிறது என்று வையுங்கள். இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, இரண்டு உழக்கு ஒரு உரி, இரண்டு உரி ஒரு படி. எந்த ஊர்ப் படியாக இருந்தாலும் இப்படிப் பாதி பாதியாகத்தான் இறங்கும். ஆக எட்டுக்கு ஒன்று. உங்கள் வீட்டு டம்ளரில் எட்டு டம்ளர் அரிசி, ஒரு டம்ளர் உளுந்து எடுத்தால் முடிந்தது. படி எத்தனை மில்லி என்ற கேள்வியே எழவில்லை. சிக்கல் வருவது அதே குறிப்பில் அடுத்த வரியாக 'வெண்ணெய் 3 பலம்' என்று வரும்போது. அரிசி முகந்து அளக்கும் பொருள், வெண்ணெய் நிறுத்து அளக்கும் பொருள். இரண்டு அளவைகளும் சந்திக்கும் இடத்தில்தான் படியின் உண்மையான கொள்ளளவு தெரிந்தாக வேண்டும். படி ஒன்றரை லிட்டரானால் அரிசி ஏறக்குறைய ஒன்றேகால் கிலோ. ஒரு லிட்டரானால் எண்ணூற்றுச் சொச்சம் கிராம்தான். இரண்டுக்கும் அதே 3 பலம், அதாவது நூறு கிராம் சொச்சம் வெண்ணெய் போட்டால், ஒன்று தட்டுவடையாக வரும், மற்றது எண்ணெயில் போட்டதும் பிரிந்து வரும்.

இதை நான் ஊறுகாய் போட்டுத்தான் கற்றேன். என் மனைவியின் பாட்டி நோட்டில் '25 மாங்காய், உப்பு 2 சேர்' என்று இருந்தது. என் பட்டறை மூளையை நம்பாமல், ஏதோ ஒரு இணையதளத்தில் சேர் என்றால் 933 கிராம் என்று போட்டிருந்ததை நம்பி, இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக உப்பைக் கொட்டினேன். அந்த 933 கிராம் பொய்யில்லை. அது 80 தோலா கொண்ட வடநாட்டுச் சேர். நம் பக்கத்துச் சேர் 24 தோலா, அதாவது 280 கிராம். பாட்டி போட்டது 560 கிராம் உப்பு. ஜாடியைத் திறந்து ஒரு துண்டை வாயில் வைத்த என் மச்சான் ஒன்றும் பேசாமல் எழுந்துபோய் வாய் கொப்பளித்துவிட்டு வந்தார். மாங்காயையும் சேரில் எழுதியிருந்தால் தப்பித்திருப்பேன், இரண்டும் ஒரே மாதிரி பெருகியிருக்கும். எண்ணிக்கையும் எடையும் சந்தித்த இடத்தில் மாட்டிக்கொண்டேன்.

எடைக் கணக்கில் சந்தேகத்துக்கு இடம் குறைவு. அந்தக்கால வெள்ளி ரூபாயின் எடை ஒரு தோலா, 11.66 கிராம். நோட்டில் 'கடுகு 2 ரூபாய் எடை' என்று இருந்தால் அது விலை இல்லை, 23 கிராம் கடுகு. மூன்று தோலா ஒரு பலம், 35 கிராம். எட்டுப் பலம் ஒரு சேர், 280 கிராம். ஐந்து சேர் ஒரு வீசை, 1.4 கிலோ. எட்டு வீசை ஒரு மணங்கு, பதினொரு கிலோவுக்குச் சற்று மேல். மணங்கிலும் அதே வடநாட்டுப் பொறி உண்டு. அங்கே அது 37 கிலோவைத் தாண்டும். உங்கள் ஏஐ செயலி ஒரு நேரம் 280, ஒரு நேரம் 933 என்று சொல்வதற்கு இதுதான் காரணமாக இருக்க வேண்டும். இரண்டு ஊர்க் கணக்கையும் படித்து வைத்திருக்கிறது, நீங்கள் எந்த ஊர் என்று கேட்பதில்லை. இன்னொன்று: மெட்ரிக் எடைகள் 1958 அக்டோபரில் தொடங்கிப் படிப்படியாக வந்தன. நயா பைசா வந்தது 1957 ஏப்ரல் 1. ஆகவே ஒரு பக்கத்தில் அணாவும் சேரும், இன்னொரு பக்கத்தில் பைசாவும் கிராமும் வந்தால் எது முன்னால் எழுதியது என்று ஓரளவு ஊகிக்கலாம். ஓரளவுதான். சட்டம் மாறிய அன்றே வாய் மாறிவிடாது. எங்கள் கடைக்கு வந்த கிழவிகள் எழுபதுகளின் கடைசியில்கூட வீசையில்தான் பேசினார்கள்.

முகத்தல் அளவுதான் வம்பு பிடித்தது. சித்த மருத்துவக் கணக்கில் ஆழாக்கு 168 மில்லி, படி 1.344 லிட்டர். வெள்ளைக்காரன் காலத்து மதராஸ் படி ஒன்றரை லிட்டருக்கு மேல். ஊருக்கு ஊர் பெரிய படி, சின்னப் படி என்று வேறு இருந்தது. போதாக்குறைக்கு, மெட்ரிக் வந்தபின் ஒரு லிட்டர் கொள்ளும் உருளையையும் மக்கள் படி என்றே கூப்பிட்டார்கள், இன்றும் கூப்பிடுகிறார்கள். பழைய ஆங்கிலப் புத்தகங்களில் 'ஒல்லக்' என்று ஒரு அளவு வரும். காதுக்கு உழக்கு மாதிரி இருக்கும், ஆனால் அது படியில் எட்டில் ஒன்று, நம் ஆழாக்கு. இதைப் பார்த்து உழக்கை எட்டில் ஒன்றாகப் போட்டிருக்கும் பக்கங்களும் உண்டு. அரிசி குக்கரோடு வரும் 180 மில்லி கப்பை ஆழாக்கு என்று சொல்லும் பழக்கமும் இப்போது சில வீடுகளில் வந்துவிட்டது. இதில் எந்த எண்ணை எடுத்து உங்கள் நிரலில் எழுதினாலும், அது வேறு யாரோ ஒருவர் வீட்டுப் படி.

அதனால் பாட்டி வீட்டுப் படியையே தேடுங்கள். பரணில், பூஜை அறையில், கல்யாணத்துக்கு நெல் நிரப்பி வைக்கும் படியாக, எங்கேயோ ஒன்று இருக்கும். கிடைத்ததும் முதலில் விளிம்பையும் அடிப்பாகத்தையும் பாருங்கள். லிட்டர் என்று பொறித்திருந்தால் சிக்கல் தீர்ந்தது, மெட்ரிக் உருளை. முத்திரை போட்ட பாத்திரமானால் சின்னதாக ஆண்டின் கடைசி எண்களும் எந்தக் காலாண்டு என்று காட்டும் ஓர் எழுத்தும் அடித்திருக்கும். துணியில் துடைத்துவிட்டு, டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால் தெரியும். ஒன்றுமே இல்லையென்றால் தண்ணீர் இருக்கிறது. படியை சமையலறைத் தராசில் வைத்து எண்ணைப் பூஜ்ஜியமாக்கிவிட்டு, தண்ணீரை விளிம்புவரை ஊற்றுங்கள். ஒரு கிராம் தண்ணீர் ஒரு மில்லி, வீட்டுக் கணக்குக்கு இது போதும். தண்ணீர் விளிம்புக்கு மேலே புடைத்து நிற்கும். அதை நம்பி நிறுத்தாதீர்கள், ஒரு கண்ணாடித் துண்டை வாயின்மேல் தள்ளி மட்டப்படுத்துங்கள். மூங்கில் படியோ, இற்றுப்போன படியோ ஆனால் தண்ணீர் நிற்காது. அப்போது கேழ்வரகை நிரப்பி மட்டம் தட்டி, அந்தக் கேழ்வரகை லிட்டர் அளவில் கொட்டி அளந்துவிடலாம். அடி நசுங்கியிருந்தாலும் பரவாயில்லை. ஆனால் எப்போது நசுங்கியது என்று வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். என்னிடம் ஜோடியாக வந்த இரண்டு பித்தளைப் படிகளில் ஒன்று மற்றதைவிட 40 மில்லி குறைவு. பேரன் ஒருத்தன் அதை ஸ்டம்ப்பாக வைத்துக் கிரிக்கெட் ஆடியிருக்கிறான்.

தராசு சரியாகக் காட்டுகிறதா என்ற சந்தேகம் வந்தால், பத்து ரூபாய் நாணயம் பத்தை வையுங்கள். ஒன்று 7.7 கிராம், பத்துக்கு 77 வர வேண்டும். ஒன்றிரண்டு கிராம் தவறினால் சமையலுக்குப் பாதகமில்லை, பெருங்காயத்துக்கு உண்டு.

அப்புறம், பாட்டி எப்படி அளந்தார் என்பது. படியைத் தலை தட்டி அளப்பது ஒரு வழக்கம், குவித்து அளப்பது இன்னொரு வழக்கம். குவித்தால் எவ்வளவு கூடும் என்பது படியின் வாயகலத்தைப் பொறுத்தது. 12 செ.மீ. வாயுள்ள ஒரு படியில் அரிசி கூம்பாக நிற்கும் அளவைக் கணக்குப் போட்டால் 150 மில்லிக்குப் பக்கத்தில் வருகிறது, படியில் பத்தில் ஒரு பங்கு. அரிசிக்குக் குவித்தும் பருப்புக்குத் தலை தட்டியும் அளக்கும் வீடுகள் உண்டு. ஆக நான் மேலே சொன்ன எட்டுக்கு ஒன்று கணக்கிலும் ஒரு சின்ன ஓட்டை இருக்கிறது. இதை எந்த அட்டவணையும் சொல்லாது. பாட்டியோடு சமைத்த ஒருவர், உங்கள் அம்மாவோ அத்தையோ, சொன்னால்தான் உண்டு.

'ஒரு கை உளுந்து', 'ஒரு சிட்டிகை' என்ற இடங்களுக்கும் இதே வழிதான். என் அம்மாவுக்கு எண்பதுக்கு மேல் வயது. ஒருநாள் அடுப்படியில் தராசை வைத்து, 'ஒரு கை உளுந்து இதில் போடும்மா' என்றேன். போட்டார், 38 கிராம். திரும்பப் போடச் சொன்னேன், 41. இன்னொரு தடவை, 39. நான் அள்ளியது 52. 'ஏங் கண்ணு, எங் கைய நிறுத்துப் பாத்தா சம்பளம் ஏதாவது ஏத்திக் குடுப்பாங்களா?' என்று கேட்டுவிட்டு, ஜாடியிலிருந்து கல்லுப்பை அள்ளி அதே தட்டில் தானாகவே போட்டார். அதற்கு அவர் கை வேறு மாதிரி மடங்கியது, முழுக் கை இல்லை, மூன்று விரல். பொருளுக்குத் தகுந்தபடி கை மாறுகிறது. நம் நிரலில் 'கை = 40 கிராம்' என்று ஒற்றை வரியாக எழுதினால் உப்பு விஷயத்தில் மறுபடி என் மச்சானைக் கூப்பிட வேண்டியதாகிவிடும்.

பொருளே மாறிப்போனதையும் பார்க்க வேண்டும். பாட்டியின் உப்பு கல்லுப்பு. அதே கரண்டியில் இன்றைய தூளுப்பை முகந்தால் எடை கூடிவிடும், கல்லுக்கு நடுவில் காற்று அதிகம். அரிசி லிட்டருக்கு 800 முதல் 850 கிராம் என்று வைக்கலாம், மாவை அப்படி வைக்க முடியாது, சலித்த மாவும் அமுக்கிய மாவும் ஒன்றல்ல. நம் ஊர் ஜவ்வரிசியை எடுத்துக்கொள்ளுங்கள். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு, இரண்டாம் உலகப்போர்க் காலத்திலிருந்து சேலத்தைச் சுற்றிச் செய்கிறார்கள். குச்சிக்கிழங்கை அரைத்துப் பாலெடுத்து, தெளியவைத்து, படிந்த மாவைக் குலுக்கி உருட்டி, சூடான தகட்டில் வறுத்துக் காயவைப்பது பழைய வகை. ஆவியில் வேகவைத்துக் காயவைக்கும் நைலான் ஜவ்வரிசி இன்னொரு வகை. நோட்டில் வெறுமனே 'ஜவ்வரிசி 1 உழக்கு' என்று இருந்தால் முகத்தல் அளவு ஒன்றுதான், ஆனால் ஊறும் நேரமும் இழுக்கும் தண்ணீரும் வேறு. இந்த மாதிரி இடங்களில் மாற்றிக் காட்டிய எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு குறிப்புக் கட்டம் இருக்கட்டும்.

ஏற்காட்டுப் பக்கங்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 95 டிகிரிக்கே கொதித்துவிடும், சேலத்தில் 99 டிகிரி. திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக மலையில் நேரம் கூடப் பிடிக்கும், தண்ணீரும் கூட வற்றும். எனவே சின்னப்பாட்டி எழுதிய தண்ணீர் அளவையும் நேரத்தையும் கீழே அப்படியே பின்பற்றினால் குழைந்துபோகும். குக்கர் வைத்தால் இந்த வித்தியாசம் பெரும்பாலும் அமுங்கிவிடுகிறது, ஆனால் அணாக் காலத்து நோட்டில் குக்கர் எங்கே வரப்போகிறது? இன்னொன்று காபி. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் அந்த மலைக்குக் காபியைக் கொண்டுவந்தார் என்பது தெரிந்த கதை. மலையில் வீட்டுக்கு வீடு கொட்டை வறுக்கும் பழக்கம் இருந்ததால் 'காபிக்கொட்டை அரை வீசை' என்று எழுதியிருக்கலாம். 700 கிராம் என்று மாற்றுவது சுலபம். ஆனால் அது பச்சைக் கொட்டையா வறுத்த கொட்டையா என்று பாருங்கள். வறுத்தால் எடையில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு போய்விடும்.

இனி நோட்டைப் படிப்பது. வெயில் நேரே படாத சன்னல் ஓரத்தில், பிளாஷ் இல்லாமல், பக்கத்துக்கு இரண்டு படம் எடுங்கள். லேமினேஷன் செய்யக் கொடுத்துவிடாதீர்கள், செலோ டேப்பும் ஒட்டாதீர்கள். பிறகு பிரிக்கவே முடியாது. எண்ணெய்க் கறை பிடித்த பக்கங்களிலிருந்து தொடங்குங்கள். அவைதான் அடிக்கடி சமைத்த பக்கங்கள், மற்றவை பக்கத்து வீட்டில் கேட்டு எழுதி மறந்துபோனவையாக இருக்கும். எழுத்துணரி மென்பொருள்கள் அச்சுத் தமிழை இப்போது நன்றாகவே படிக்கின்றன, கையெழுத்தில் தடுமாறுகின்றன. அதிலும் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய லை, னை, றா போன்றவற்றின் பழைய வடிவங்கள் வந்தால் சொல்லவே வேண்டாம். ஏஐ செயலியிடம் படத்தைக் கொடுத்தால் அது தடுமாறுவதை வெளியே காட்டாது. தெரியாத இடத்தில் பொருத்தமான ஒரு சொல்லைப் போட்டு நிரப்பிவிடும், அதுதான் எனக்குப் பயம். முதல் வரைவுக்குப் பயன்படுத்துங்கள், அளவுகளை மட்டும் ஒவ்வொன்றாக நீங்களே படத்தோடு ஒப்பிடுங்கள்.

குறுக்கெழுத்துகளில் கவனம் வேண்டும். என்னிடம் இருக்கும் நோட்டில் 'ப' என்று ஒற்றை எழுத்து எங்கும் வருகிறது, சில இடத்தில் படி, சில இடத்தில் பலம். 'வெல்லம் 3 ப' என்றால் வெல்லத்தை யாரும் படியில் முகப்பதில்லை, ஆகவே பலம். 'அரிசி 3 ப' என்றால் படி. 'வ' என்று இருந்தால் எழுத்தாக இல்லாமல் காலாகவும் இருக்கலாம். பழைய கணக்கில் கால் என்பதற்குக் குறி 'வ'. ஔவையார் எட்டேகால் லட்சணமே என்று ஒருவரைத் திட்டியதாகச் சொல்வார்களே, அது இதை வைத்துத்தான்: எட்டுக்கு 'அ', காலுக்கு 'வ', சேர்த்தால் அவலட்சணம்.

கருவிக்கு வருகிறேன். பின்னங்களைத் தசமமாகச் சேமிக்காதீர்கள். ஜாவாஸ்கிரிப்டில் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் 0.30000000000000004 என்று வரும். பழைய கணக்குப்பிள்ளைகளின் வழி இங்கே அப்படியே பொருந்துகிறது. அவர்கள் ஒன்றை 320 பங்காக்கி ஒரு பங்கை முந்திரி என்றார்கள். காணி 4 முந்திரி, மா 16, மாகாணி 20, அரைக்கால் 40, கால் 80, அரை 160, முக்கால் 240. எல்லா அளவையும் முந்திரியில் முழு எண்ணாக வைத்துக்கொண்டு, காட்டும்போது மட்டும் பின்னமாக மாற்றுங்கள், ஒரு துளி பிசகாது. மூன்றில் ஒன்று மட்டும் இதில் அடங்காது. உங்கள் பாட்டி நோட்டில் மூன்றில் ஒன்று வந்தால் அது ஏதோ வாரப் பத்திரிகையைப் பார்த்து எழுதிய கேக்காகத்தான் இருக்கும், அதைத் தனியாகக் கவனித்துக்கொள்ளலாம்.

ஒவ்வொரு பொருளுக்கும் பாட்டி எழுதியதை எழுத்துப் பிசகாமல் ஒரு புலத்தில் (தகவலைப் போட்டுவைக்கும் கட்டத்தில்) வையுங்கள். முந்திரி எண், அளவையின் பெயர், எந்தப் பாத்திரம், தலை தட்டியா குவித்தா என்பவை தனித்தனிப் புலங்கள். பக்கத்தைத் திறந்ததும் கருவி கேட்க வேண்டிய முதல் கேள்வி 'உங்கள் படியில் எத்தனை மில்லி தண்ணீர் பிடிக்கிறது?' என்பது. தெரியாது என்று சொன்னால் விகிதத்தை மட்டும் காட்டட்டும். எடையும் முகத்தலும் சந்திக்கும் குறிப்பானால், ஒற்றை எண் சொல்லாமல் 'இதிலிருந்து இதுவரை' என்று காட்டட்டும். 104.97 கிராம் வெண்ணெய் என்று காட்டாதீர்கள், 105 போதும். பாட்டி அவ்வளவு துல்லியமாக நிறுத்திருக்க வாய்ப்பில்லை, கடைக்காரர் நிறுத்திருக்கவே வாய்ப்பில்லை. (என் தொழிலில் இதைச் சொல்லக்கூடாது.)

தேடலில் இரண்டு இடத்தில் இடறுவீர்கள். உழக்கு என்பதைப் பாட்டி ஒழக்கு, ஒளக்கு என்றெல்லாம் எழுதியிருப்பார். அவற்றைத் திருத்தாமல், எல்லாம் ஒரே அளவைக்குப் போகும்படி ஒரு சின்னப் பட்டியல் வைத்துவிடுங்கள். இரண்டாவது கண்ணுக்கே தெரியாதது. 'கொ' என்பதில் உள்ள உயிர்க்குறியை யூனிகோடில் (கணினியில் எழுத்துகளைச் சேமிக்கும் பொது முறையில்) ஒரே குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு வேறு. கொத்தமல்லி என்று தேடினால் இருக்கும் குறிப்பும் கிடைக்காது. சேமிக்கும்போதும் தேடும்போதும் நார்மலைஸ் செய்துவிட்டால், அதாவது எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்கு மாற்றிவிட்டால், சரியாகிவிடும். எனக்கு இதைக் கண்டுபிடிக்க இரண்டு ராத்திரி ஆனது. பழைய பின்னக் குறிகளையும், ஆழாக்கு, உழக்கு, குறுணி போன்றவற்றின் குறிகளையும் 2019இல் யூனிகோடில் சேர்த்திருக்கிறார்கள். ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் பல போன்களில் வெறும் கட்டம்தான் தெரியும். நோட்டோ சான்ஸ் தமிழ் சப்ளிமென்ட் எழுத்துருவைக் கூடவே இணைத்தால் தெரியும். இல்லையென்றால் சொல்லாகவே எழுதிவிடுங்கள்.

வழங்கி (சர்வர்), தரவுத்தளம், பயனர் கணக்கு எதுவும் வேண்டாம். எல்லாம் ஒரே எச்டிஎம்எல் கோப்பில் அடங்கட்டும். வாட்ஸ்அப்பில் சித்திக்கு அனுப்பினால் அவர் போனில் இணையம் இல்லாமலே திறக்க வேண்டும். பல வருடம் முன்பு ஒரு இலவசச் சேவையில் நாற்பது குறிப்புகளை ஏற்றி வைத்திருந்தேன். ஒருநாள் அது மூடிப்போனது. என் பெரியம்மா டிடிபி கடையில் தட்டச்சு செய்யக் கொடுத்து வைத்திருந்த ஒரு கோப்பிலிருந்துதான் மீட்டேன். அதுவும் பாமினி எழுத்துருவில் இருந்தது, திறந்தால் ஆங்கில எழுத்துகளாகக் கொட்டியது, மாற்றியில் போட்டு யூனிகோடாக்க வேண்டியிருந்தது. ஆகவே குறிப்புகளை வெறும் உரைக் கோப்பாக இன்னொரு பிரதி வையுங்கள், காகிதத்திலும் ஒன்று அச்சடித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக அந்தக் காலணாக் கொத்தமல்லி. காலணா என்பது ரூபாயில் 64இல் ஒரு பங்கு. அந்த வருடத்து விலை தெரிந்தால் கட்டு எத்தனை என்று கணக்குப் போடலாமே என்று தோன்றும். போட முடியாது, மழைக்காலத்து விலையும் கோடை விலையும் ஒன்றா? அந்த வரிக்கு எண் புலத்தைக் காலியாக விட்டுவிடுங்கள். என் அம்மாவிடம் இதைக் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, 'ரெண்டு கட்டு இருக்கும் கண்ணு. ஆனா அப்பக் கட்டே பெருசு, வேரோட மண்ணோட குடுப்பான்' என்றார். என் நோட்டில் அதே மாதிரி வந்த ஓர் இடத்தில் குறிப்புக் கட்டத்தில் அதை அப்படியே தட்டச்சு செய்துவைத்திருக்கிறேன்.